மலைக் குழந்தையை உண்டு உறைவிடப் பள்ளிக்கு அனுப்பலாமா?

கல்வராயன் மலையில் மாலை வகுப்பு நடத்தும் ஓர் இளம் ஆசிரியை கேட்ட கேள்விக்கு எழுதும் பதில் இது. அவர் பழகும் குடும்பம் ஒன்றில் ஆறு வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள். பெற்றோர் ஆண்டில் நான்கைந்து மாதம் காப்பியும் மிளகும் பறிக்கக் குடகுப் பக்கம் போய்விடுகிறார்கள். ஊரில் ஓராசிரியர் தொடக்கப் பள்ளி உண்டு. ஆனால் ஆசிரியர் மலையேறி வராத நாளில் பள்ளி இல்லை. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது. ‘அங்கே சேர்த்துவிடுங்கள் என்று சொல்லலாமா? கனடாவின் உறைவிடப் பள்ளிகளில் பூர்வகுடிக் குழந்தைகளுக்கு நடந்ததையெல்லாம் படித்த பிறகு சொல்ல வாய் வரவில்லை’ என்பது அவர் கேள்வி.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு வயதில் வேண்டாம். பதினொன்று, பன்னிரண்டு வயதுக்குப் பிறகு, அந்த விடுதியை நேரில் பார்த்து மனம் ஒப்பினால், தாராளமாக அனுப்பலாம். இந்த விடைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. உறைவிடப் பள்ளியை மதிப்பிட வருகிற எல்லோரும், அதிகாரியானாலும் பத்திரிகைக்காரரானாலும் நம்மைப் போன்றவர்களானாலும், காலை ஒன்பதரைக்கும் மாலை நாலரைக்கும் நடுவில்தான் போகிறோம். தேர்ச்சி விழுக்காடு, ஆசிரியர் எண்ணிக்கை, கரும்பலகை, கணினி அறை என்று நாம் பார்ப்பதெல்லாம் அந்த ஏழு மணி நேரத்துக்குரியவை. குழந்தை அங்கே இருப்பது இருபத்து நான்கு மணி நேரம். மிச்சமுள்ள பதினேழு மணி நேரத்தில்தான் அது உண்கிறது, குளிக்கிறது, காய்ச்சலில் கிடக்கிறது, பயப்படுகிறது, தூங்குகிறது. அந்தப் பதினேழு மணி நேரத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் பல இடங்களில் தெளிவான பதில் கிடைக்காது.

இந்த ஏற்பாடு தொடங்கியபோது அப்படி இருக்கவில்லை. குஜராத்தின் தாஹோத் பகுதியில் பீல் பழங்குடி மக்களிடையே வேலை செய்வதற்காக 1922-ல் பீல் சேவா மண்டலத்தைத் தொடங்கிய அமிர்தலால் தக்கர், அதாவது தக்கர் பாபா (சென்னை தியாகராய நகரில் அவர் பெயரில் ஒரு வித்யாலயா இருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள்), ஆசிரமப் பள்ளி என்று நினைத்தது ஆசிரியரும் மாணவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்கிற இடத்தை. அந்த முறையின் நிறைகுறைகளைப் பற்றித் தனியாகப் பேசலாம்; குழந்தைக்கு இரவில் வயிறு வலித்தால் எழுப்புவதற்குப் பக்கத்து அறையில் ஒரு பெரியவர் இருந்தார் என்பது மட்டும் இங்கே முக்கியம். பிற்பாடு அரசுகள் இதை எடுத்துக்கொண்டு விரித்தபோது வடநாட்டில் ஆசிரமம் என்ற பெயர் நிலைத்தது. ஆசிரியர் மட்டும் ஆசிரமத்தைவிட்டு நகரத்துக்குக் குடிபோய்விட்டார். நம் மலைகளிலும் இதே கதைதான். பெரும்பாலான ஆசிரியர்கள் ஆத்தூரிலோ கள்ளக்குறிச்சியிலோ குடியிருந்துகொண்டு, காலைப் பேருந்தில் ஏறி மாலைப் பேருந்தில் இறங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. மலையில் அவர்களுக்குக் குடியிருப்பு கிடையாது. அவர்கள் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் வேண்டும்.

தமிழ்நாட்டில் இத்தகைய பள்ளிகள் 300-க்கும் மேல் இருக்கின்றன. ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் கீழ் இருக்கும் இவற்றை மலையில் ஆங்கிலச் சுருக்கமாக ஜி.டி.ஆர். பள்ளி என்றால்தான் தெரியும். இவை இல்லாமலே இருந்திருக்கலாம் என்று சொல்வதற்கு எனக்குத் துணிவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காட்டைத் தொட்டிருந்தபோது பழங்குடியினரின் எழுத்தறிவு 54 விழுக்காட்டில் நின்றது. அந்த 54 விழுக்காட்டிலும் கணிசமானவர்கள் இந்தப் பள்ளிகளின் படியேறி வந்தவர்கள். ஜவ்வாது மலையிலும் கொல்லிமலையிலும் இன்று கிராமச் செவிலியராகவும் காவலராகவும் ஆசிரியராகவும் இருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ‘விடுதிச் சோறு இல்லையென்றால் நான் எட்டாவதோடு நின்றிருப்பேன்’ என்று சொல்கிறவர்கள் எத்தனையோ பேர். அதே ஆட்களிடம் ‘உங்கள் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் அங்கே சேர்ப்பீர்களா?’ என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் சற்று மௌனம் வரும். அந்த மௌனத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு பள்ளியில், எந்த ஊர் என்று சொல்லாமல் விடுகிறேன், மழைக்கு ஒதுங்கியதில் மாலையும் இரவும் தங்க நேர்ந்தது. நாலரை மணிக்கு ஆசிரியர்கள் கிளம்பினார்கள். ஆறு மணிக்குச் சமையலர் சோற்றை இறக்கிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். இரவுக் காவலர் பணியிடம் காலி. பகலில் மூன்றாம் வகுப்பாக இருந்த அறையின் பெஞ்சுகளைச் சுவரோரம் நகர்த்திவிட்டுப் பிள்ளைகள் பாயை விரித்தார்கள், அதுதான் படுக்கையறை. ஒவ்வொருவருக்கும் ஒரு தகரப் பெட்டி. பத்து வயதுப் பெண்ணொருத்தி தன்னைவிடச் சின்ன நான்கு பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துப் பேன் பார்த்தாள். நால்வரில் ஒருவர்கூட அவளுக்கு உறவில்லை. விடியற்காலையில், இன்னும் இருட்டாக இருந்தபோது, ஆறு வயதுப் பையன் ஒருவன் குழாயடியில் தன் கால்சட்டையைத் தானே அலசிக்கொண்டிருந்தான். இரவில் படுக்கையை நனைத்திருக்கிறான். மற்றவர்கள் எழுவதற்குள் காயப் போட்டுவிட வேண்டும் என்ற அவசரம் அவன் கையில் தெரிந்தது. பகலில் அந்தப் பள்ளிக்கு வந்திருந்தால் சுத்தமான வளாகம், ஒழுங்கான பிள்ளைகள் என்று எழுதிவிட்டு வந்திருப்பேன்.

சின்ன வயதில் அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். வீட்டைவிட்டு வந்த ஆறு வயதுக் குழந்தையின் ஏக்கம் அழுகையாக வெளிப்படுவது முதல் ஒரு வாரம்தான். அதற்குப் பிறகு அது பேச்சுக் குறைவதாக, சாப்பாடு பிடிக்காததாக, படுக்கை நனைவதாக, காரணம் தெரியாத வயிற்று வலியாக மாறிவிடுகிறது. அழுகை நின்றவுடன் ‘பழகிவிட்டது’ என்று பெரியவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். பதினொரு வயதுப் பிள்ளைக்கும் ஏக்கம் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தனக்கு என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியும், தன்னை யாராவது தொந்தரவு செய்தால் இன்னொருவரிடம் போய்ச் சொல்லத் தெரியும், வீட்டுக்குப் போகும் பேருந்தும் தெரியும். ஒன்றிய அரசு பழங்குடிப் பிள்ளைகளுக்காக 1997-98-ல் தொடங்கிய ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளிகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைதான் நடத்துகின்றன. அத்திட்டத்தின்மீது எனக்கு வேறு மனத்தாங்கல்கள் உண்டு என்றாலும் இந்த ஒரு விஷயத்தில் அது சரியான இடத்தில் தொடங்குகிறது. நம் ஜி.டி.ஆர். பள்ளிகளோ ஒன்றாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளைத் தங்கவைக்கின்றன.

பணத்தையும் பார்த்துவிடலாம். 2023-ல் தமிழ்நாடு அரசு விடுதிகளில் பள்ளி மாணவருக்கான உணவுப் படி மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ரூபாயாக உயர்ந்தது. நாளொன்றுக்கு 47 ரூபாய்க்கும் கீழே வருகிறது. அதில் மூன்று வேளைச் சாப்பாடு. ஏகலைவா பள்ளியில் அப்போது ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 1,09,000 ரூபாய் நடைமுறைச் செலவாக ஒதுக்கினார்கள். இரண்டாவது தொகையில் சம்பளம் முதலான எல்லாச் செலவும் அடங்கும் என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்துவது நியாயமாகாது. ஆனாலும் வெள்ளிமலையில் ஏகலைவா பள்ளியையும் அதே மலையின் சிற்றூர் ஒன்றில் இருக்கும் பழைய ஜி.டி.ஆர். தொடக்கப் பள்ளியையும் ஒரே நாளில் பார்த்தவர்களுக்கு, ஒரே மலையின் குழந்தைகளுக்கு இரண்டு வகை அரசு இருப்பது புரியும். ஏகலைவாவிலும் எல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம். 2023-ல் நாடு முழுவதற்கும் பொதுவாக ஆசிரியர் தேர்வு நடத்தியபோது இந்தி அறிவும் சோதிக்கப்பட்டது. அதன் விளைவாக, பிள்ளைகளின் மொழியில் ஒரு சொல்லும் அறியாத வடமாநில ஆசிரியர்கள் தென்மாநில மலைகளுக்கு வந்து சேர்ந்து, வந்த வேகத்தில் இடமாறுதல் கேட்டார்கள். இரவு எட்டு மணிக்குக் காய்ச்சலடிக்கும் பிள்ளை அந்த ஆசிரியரிடம் எந்த மொழியில் சொல்லும்?

மொழி என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்வராயன், ஜவ்வாது, கொல்லிமலைப் பகுதிகளின் மலையாளி என்ற பெயருள்ள பழங்குடியினர் பேசுவது தமிழ்தான்; அந்தக் குழந்தைக்குப் பாடம் புரியும், அவளுடைய உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்காத ஆசிரியர் இருந்தால் போதும். நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் நிலைமை வேறு. பணியர், காட்டுநாயக்கர் குழந்தைகளுக்கு வீட்டு மொழி வேறு, பாடமொழி வேறு. வகுப்பில் வாய் திறக்காத பணியச் சிறுவனை மந்தம் என்று பதிவேட்டில் எழுதிய ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். அதே சிறுவன் மாலையில் தோப்புக்குள் தன் அண்ணனோடு ஓயாமல் பேசிக்கொண்டு போனதையும் பார்த்திருக்கிறேன். பகல்நேரப் பள்ளியில் அந்தக் குழந்தைக்கு மாலையிலாவது தன் மொழி திரும்பக் கிடைக்கிறது. உறைவிடத்தில் அந்த மாலையும் இல்லை. ஒடிசா 2006-07 முதல் தாய்மொழிவழிப் பன்மொழிக் கல்வியைப் படிப்படியாக 21 பழங்குடி மொழிகளுக்கு விரித்தது. கேரளம் 2017-ல் வயநாட்டில் கோத்ரபந்து என்ற பெயரில், ஆசிரியர் பயிற்சி முடித்த பழங்குடி இளைஞர்களையே தொடக்கப் பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியர்களாக அமர்த்தியது. மலைக்கு அந்தப் பக்கம் செய்ய முடிந்ததை இந்தப் பக்கம் செய்வதற்கு எது தடை என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

இனி உடல்நலம். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உறைவிடப் பள்ளி இறப்புகளில் பல தடுக்கக்கூடியவை. மகாராஷ்டிரத்தின் ஆசிரமப் பள்ளிகளில் மாணவர்கள் தொடர்ந்து இறந்ததை ஆராய மருத்துவர் சுபாஷ் சாலுங்கே தலைமையில் அமைந்த குழு 2016-ல் அறிக்கை தந்தது. காய்ச்சல், பாம்புக்கடி, விபத்து என்று காரணங்கள் வரிசையாக இருந்தன. அதைவிடக் கலங்கவைத்தது, கணிசமான இறப்புகளில் காரணமே சரியாகப் பதிவாகவில்லை என்பது. பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடுகிற பாம்பு. தரையில் படுத்திருப்பவரைத்தான் பெரும்பாலும் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ ஏறக்குறைய இருக்காது. குழந்தை நடுஇரவில் வயிறு வலிக்கிறது, தொண்டை அடைக்கிறது என்று எழும். கொஞ்ச நேரத்தில் இமைகள் தாமாகக் கீழே இறங்கத் தொடங்கும். தூக்கக் கலக்கம் என்று நினைத்து, தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்தால் விடியும்போது மூச்சு இருக்காது. தரையிலிருந்து உயர்ந்த ஒரு கட்டிலும், பாய்க்கடியில் செருகிவிடும் ஒரு கொசுவலையும், இமை தொங்கினால் உடனே வண்டியைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்த ஒரு பெரியவரும் இருந்தால் அந்தக் குழந்தை பிழைக்கும். இந்த மூன்றில் ஒன்றுகூட ஏழு மணி நேர ஆய்வுப் படிவத்தில் இடம்பெற்று நான் பார்த்ததில்லை.

இன்னொன்று அரிவாள் அணுச் சோகை, அதாவது இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகிற பரம்பரை நோய். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் 1952-ல் அறியப்பட்டது நம் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். 2023 ஜூலையில் ஒன்றிய அரசு இதற்கென ஓர் இயக்கத்தையே தொடங்கியிருக்கிறது. குளிர், நீர்ச்சத்துக் குறைவு, காய்ச்சல், அளவு மீறிய ஓட்டம் ஆகியவை இந்த நோயுள்ள குழந்தைக்குத் தாங்க முடியாத எலும்பு வலியைக் கிளப்பும். காலை ஐந்தரைக்குப் பச்சைத் தண்ணீரில் குளிக்கவைப்பது, தாமதமாக வந்தால் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்வது, இரவில் படுக்கை நனையும் என்பதற்காக மாலைக்குப் பிறகு தண்ணீர் கொடுக்காமல் இருப்பது ஆகிய மூன்றும் விடுதி ஒழுக்கம் என்ற பெயரில் சாதாரணமாக நடப்பவை. அந்தக் குழந்தைக்கு மூன்றுமே ஆபத்து. வீட்டில் தாய்க்கு இது தெரிந்திருக்கும். விடுதியில் ‘நடிக்கிறான்’ என்ற ஒரு சொல்லில் முடிந்துபோகும். சேர்க்கையின்போதே இரத்தப் பரிசோதனை செய்து, அதன் விவரம் காப்பாளரின் மேசையில் இருக்க வேண்டும். சொறி சிரங்கும் இரத்தசோகையும் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெண் குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றி மழுப்பாமல் பேச வேண்டும். 2013 ஜனவரியில் சத்தீஸ்கரின் காங்கேர் மாவட்டத்து ஜாலியாமாரி ஆசிரம விடுதியில் சிறுமிகள் பலர் நெடுநாள் பாலியல் வன்முறைக்கு உள்ளானது வெளியே வந்தபோது நாடே அதிர்ந்தது. காப்பதற்கென்று அமர்த்தப்பட்டவர்களிடமிருந்தே அந்தக் குழந்தைகளுக்குக் கேடு வந்தது. 2012-ன் போக்சோ சட்டத்தின்படி இத்தகைய குற்றம் நடந்தது தெரிந்தவர் புகார் செய்யாமல் இருப்பதே தண்டனைக்குரியது. ஆனால் குழந்தை யாரிடம் சொல்லும்? அதன் தாய் தொலைவில். அங்கே இருக்கும் ஒரே பெரியவரே குற்றவாளியாக இருந்தால் சட்டப் புத்தகம் என்ன செய்யும்? நிரந்தரப் பெண் காப்பாளர், விடுதிக்குள் குழந்தைகள் யாரிடமும் கேட்காமல் எடுத்துப் பேசக்கூடிய தொலைபேசி, சுவரில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண், மாதம் ஒருமுறையாவது பெற்றோர் வந்து தங்கிப்போக ஓர் அறை ஆகியவை இல்லாத விடுதியைப் பெண் குழந்தைக்கான விடுதி என்று நான் ஏற்கமாட்டேன். தலைமையாசிரியருக்கே காப்பாளர் பொறுப்பையும் சேர்த்துக் கொடுப்பது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. பகலெல்லாம் பள்ளியையும் பதிவேடுகளையும் பார்த்த மனிதரால் இரவிலும் விழித்திருக்க முடியாது. அவர் வீடு திரும்புவதும் இயற்கைதான்.

கனடாவைப் பற்றிய அச்சத்துக்கு வருகிறேன். அங்கே 1,50,000-க்கும் மேற்பட்ட பூர்வகுடிக் குழந்தைகள் உறைவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1920-ல் சட்டத்தைத் திருத்தி அதைக் கட்டாயமாக்கினார்கள்; தாய்மொழி பேசினால் அடித்தார்கள். 2015-ல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்றே சொன்னது. நம் ஜி.டி.ஆர். பள்ளியை அதனோடு ஒன்றாக வைப்பது வரலாற்றுக்கும் பொருந்தாது, அந்தப் பள்ளிகளை நம்பிப் படித்து வந்தவர்களுக்கும் நியாயமாகாது. ஆனால் கனடாவின் வரலாற்றில் நமக்கு நேராகப் பொருந்துகிற ஒரு பக்கம் இருக்கிறது. 1907-ல் மருத்துவர் பீட்டர் பிரைஸ் அங்குள்ள பள்ளிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, காற்றோட்டமில்லாத நெரிசலான படுக்கைக்கூடங்களில் காசநோய் பரவிக் குழந்தைகள் இறக்கிறார்கள் என்று அரசுக்கு எழுதினார். அரசு அதைக் கிடப்பில் போட்டது. அந்தக் குழந்தைகளில் எத்தனையோ பேரைக் கொன்றது படுக்கைக்கூடம். வேற்றுமொழிப் பாடத்தைத் திணிக்காத நல்ல நோக்கமுள்ள அரசும் படுக்கைக்கூடத்தைக் கவனிக்காவிட்டால் பாதி வழி அங்கே போய்விடும்.

நம் நாட்டில் கட்டாயம் இல்லை, பெற்றோர் விரும்பித்தான் அனுப்புகிறார்கள் என்று சொல்வார்கள். அது முழு உண்மையாகாது. கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்கின்றன. ஊர்ப் பள்ளியில் ஆசிரியர் வராமல், ஜீப்பும் கிடைக்காமல், வேலைக்கு வெளியூர் போகாமல் அடுப்பு எரியாது என்ற நிலையில் ஒரு தாய் கையெழுத்துப் போடுகிறாள் என்றால் அதை விருப்பம் என்று எழுதுவது எளிது. புவனேஸ்வரத்தில் ஏறத்தாழ 30,000 பழங்குடிப் பிள்ளைகளை ஒரே வளாகத்தில் தங்கவைத்துப் படிக்கவைக்கும் கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்தைப் பற்றிய விவாதமும் இதைச் சுற்றித்தான். இலவசக் கல்வியும் விளையாட்டு வெற்றிகளும் கண்ணுக்குத் தெரிகின்றன. காட்டையும் ஊரையும் விட்டு இத்தனை குழந்தைகளை நகரத்துக்கு எடுத்துவருவதைத் தொழிற்சாலைப் பள்ளி என்று மானிடவியலாளர்கள் கண்டித்தார்கள். 2023-ல் அங்கே நடக்கவிருந்த உலக மானிடவியல் மாநாட்டிலிருந்து பன்னாட்டு அமைப்பு 2020-ல் விலகிக்கொண்டது. இந்த விவாதத்தில் நான் மானிடவியலாளர்கள் பக்கம் சாய்கிறேன். 30,000 பிள்ளைகளில் ஒரு பிள்ளை இரவில் அழுவது யார் காதிலும் விழாது.

இனி உங்கள் ஊர்க் குழந்தை. பெற்றோர் குடகுக்குப் போகும் மாதங்கள்தான் சிக்கல். மற்ற மாதங்களில் அவள் வீட்டிலிருந்தே படிக்கலாம். வீட்டில் பாட்டி இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. இல்லாவிட்டால், செங்கல் சூளைக்குப் போகிற பெற்றோரின் பிள்ளைகளுக்காக ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களில் நடத்துகிற பருவகால விடுதி நல்ல முன்மாதிரி. அந்தச் சில மாதங்களுக்கு மட்டும், அதே ஊரிலேயே, ஊர்ப் பெண் ஒருவரின் பொறுப்பில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் தங்குவார்கள். பகலில் ஊர்ப் பள்ளிக்கே போவார்கள். அங்கே பேச்சு மாறாது, சாப்பாடு மாறாது, ஊர்த் திருவிழாவும் தவறாது. இதற்கு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் வழியுண்டு. வட்டார வள மையத்தில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். தொலைவிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வாகனப் படியும் அதே திட்டத்தில் இருக்கிறது. வயநாட்டில் கோத்ர சாரதி என்று ஜீப் விட்டே பல பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள். ஊர்ப் பள்ளிக்கு ஆசிரியர் வராததைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமாக எழுதி 14417 என்ற கல்வி உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். ஒரு தடவையில் நடக்காது, மூன்றாம் தடவையில் யாராவது மலையேறுவார்கள்.

ஐந்தாம் வகுப்பு முடிந்தபின் உறைவிடம் என்று முடிவானால், சேர்ப்பதற்கு முன் அவளுடைய தாயையும் அழைத்துக்கொண்டு இரவு ஏழு மணிக்கு அந்த விடுதிக்குப் போங்கள். சொல்லிவிட்டுப் போக வேண்டாம். பெரியவர் யாராவது இருக்கிறாரா, அவர் பெண்ணா, கழிப்பறையில் விளக்கு எரிகிறதா, தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறதா, பிள்ளைகள் தரையில் படுக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு அங்கிருக்கும் மிகச் சின்னப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, ராத்திரி காய்ச்சல் வந்தால் யாரை எழுப்புவாய் என்று கேளுங்கள். யோசிக்காமல் ஒரு பெயர் சொன்னால் சேர்த்துவிடுங்கள்.